மானியம் வாங்கிப் பார்!

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பதோடு அமெரிக்காவில் மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கலாம்: கறுப்பின மக்களுக்கு மானியம் வாங்கிப் பார்.

2020இல் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ் கையில் கொல்லப்பட்டதும், பெரிய கம்பெனிகள் கறுப்பின மக்களுக்கெனக் கோடி கோடியாக டாலர் அறிவித்தன. அறிவிப்புக்குக் கைதட்டல் உடனே கிடைத்துவிடும். காசோலைக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

அட்லாண்டாவின் ஃபியர்லெஸ் ஃபண்ட், தொழில் நடத்தும் கறுப்பினப் பெண்களுக்கு 20,000 டாலர் மானியம் கொடுத்துவந்தது. இது இனப் பாகுபாடு என்று 2023இல் அதன்மீது வழக்கு. வழக்குப் போட்டவர்கள் பிடித்த ஆயுதம், 1866ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டம். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களைக் காக்க வந்த அதே சட்டம்! 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை போட்டது. சில மாதங்களில் சமரசம், மானியத்துக்கு மூடுவிழா. வேலியே பயிரை மேய்ந்தது, அதுவும் ரசீதோடு.

கறுப்பினப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் சின்னத் தொண்டு அமைப்புகளுக்கு வேறு சோதனை. பல அரசு மானியங்களில் முதலில் செலவழித்து, பில் அனுப்பி, பிறகுதான் பணம் வாங்க வேண்டும். கையில் காசிருந்தால் அவர்கள் ஏன் மனுப் போடுகிறார்கள்?

வாங்கிய பிறகும், இத்தனை மாதத்தில் என்ன மாற்றம் என்று அறிக்கை கேட்பார்கள். தலைமுறை தலைமுறையாக கறுப்பின மக்களின் வறுமையை வளர்த்தவர்களிடம் மட்டும் எவரும் அறிக்கை கேட்பதில்லை.