ப்ளூடூத் ஹெட்செட்டும் கூட்டுக் குடும்பமும்: லஸ் முதல் எலியட்ஸ் பீச் வரை ஓர் ஆய்வு

நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ப்ளூடூத் ஹெட்செட் ஏன் திடீரென்று ஊமையாகிறது? இவ்வினாவுக்குத் தென்சென்னையில் வழங்கிவரும் விடைகள் மூன்று: சார்ஜ் இல்லை, போன் பழசு, கண் பட்டுவிட்டது. மூன்றையும் மறுத்து, ஹெட்செட்டுக்கு ஞாபகசக்தி அதிகம், வந்த வினையில் பெரும்பகுதி அதனால்தான் என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காலக் கணிப்பு இல்லாவிட்டால் ஆய்வு என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதை முதலில் முடித்துவிடுவோம். ப்ளூடூத் என்ற பெயரை 1997இல் முன்மொழிந்தவர் இன்டெல் பொறியாளர் ஜிம் கார்டாக். பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசன் ஹரால்டின் பட்டப்பெயர் அது. ஹரால்டு கண்மூடியதும், தஞ்சையில் அருள்மொழி என்ற முதலாம் இராசராசன் பட்டம் ஏறியதும் ஏறத்தாழ ஒரே சமயம், 985ஐ ஒட்டி. இன்டெல்காரர் கொஞ்சம் தெற்கே திரும்பிப் பார்த்திருந்தால் இன்று மயிலாப்பூரில் “அருள்மொழியை ஆன் பண்ணு” என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். போகட்டும்.

மூலநூல் பெட்டிக்குள் இருக்கிறது: எட்டாக மடித்த தாள், எறும்பு எழுத்து, பல மொழிகள். தமிழ் அதில் இருப்பது அபூர்வம். ஆகவே உரையாசிரியர் தேவை. அப்பதவி பெரும்பாலும் வீட்டில் பத்தாவது படிக்கும் பையனுக்கே போய்ச் சேர்கிறது. அவன் உரை சுருக்கமானது: “பாட்டி, லைட் மின்னற வரைக்கும் அழுத்திண்டே இரு.” இதன் பொழிப்பு: பட்டனைச் சில வினாடி விடாமல் அழுத்தினால் விளக்கு விட்டுவிட்டு மின்னும், அப்போதுதான் ஹெட்செட் புதியவர்களுக்கு முகம் காட்டும். அதற்கு முன் போனில் எவ்வளவு தேடினாலும் பட்டியலில் வராது. முதல் தடவை சேரும்போது போனும் ஹெட்செட்டும் ஒரு ரகசியச் சாவியை உண்டாக்கி ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்கின்றன. அடுத்த முறை பெட்டியைத் திறந்தாலே போதும், அந்தச் சாவியைக் காட்டி ஒட்டிக்கொள்ளும். யாரிடம் ஒட்டிக்கொள்ளும் என்பதில்தான் சிக்கல்.

லஸ்ஸை அடுத்த ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இயர்பட்ஸ் ஒரு ஜோடி, போன்கள் ஐந்து. நேற்றிரவு மாமி அதில் கச்சேரி கேட்டார். காலையில் மருமகள் அதை எடுத்துக்கொண்டு உள்ளறையில் ஆபீஸ் மீட்டிங்குக்கு உட்காருகிறாள். பெட்டியைத் திறந்ததும் இயர்பட்ஸ் கடைசியாகப் பழகிய போனைத் தேடிப் போகிறது. ஹாலில் மாமியின் போனில் ஓடிக்கொண்டிருந்த கந்த சஷ்டி கவசம் ஹாலில் நின்றுவிட்டு மருமகளின் காதில் தொடர்கிறது. மேனேஜரின் குரல் எங்கோ லேப்டாப்பில். “அம்மா, உங்க ப்ளூடூத்தை ஆஃப் பண்ணுங்கோ!” “நான் ஒண்ணையுமே தொடலையேடீ!” இருவர் சொல்வதும் உண்மை என்பது கவனிக்கத்தக்கது.

தீர்வு எளிது. வேண்டாத போன்களில் ப்ளூடூத்தை அணைக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால், உரையாசிரியர் வாக்கில் சொன்னால், “ஃபர்கெட் குடுத்துட்டு திரும்ப பேர் பண்ணு.” இங்கே ஒரு நுட்பம் உண்டு. போன் மட்டும் மறந்தால் போதாது; சில ஹெட்செட்டுகள் தம்மிடமுள்ள பழைய சாவியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ரீசெட் செய்து அதையும் மறக்கடித்தால்தான் உறவு புதிதாகத் துளிர்க்கும். ஒரு காது மட்டும் பாடினால் அது வேறு நோய்: சென்னை வியர்வையில் சார்ஜ் ஏறும் சின்ன உலோகப் புள்ளிகளில் அழுக்குப் படிந்து, அந்தப் பக்கம் சார்ஜே ஏறியிருக்காது. உலர்ந்த பஞ்சால் துடைத்தால் தீரும்.

ரங்கநாதன் தெருவில் பாட்டு திக்குவது ஞாபகக் கோளாறு அன்று. ப்ளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பது அலைவரிசைகளில் புறம்போக்கு நிலம். பட்டா கேட்பார் இல்லை, வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் குடிசை போட்டிருக்கின்றன. ஹெட்செட் 79 தடங்களில் வினாடிக்கு 1,600 முறை இடம் மாறி, கூட்டமான தடங்களை ஒதுக்கிப் பிழைக்கிறது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அத்தெருவில் நம்மால் ஒருமுறைகூட இடம் மாற முடியாது என்பதை நினைத்தால் அதன் மேல் மரியாதை வருகிறது.

ஆனால் ஆய்வாளரை உண்மையிலேயே திகைக்கவைப்பது எலியட்ஸ் பீச். கூட்டமில்லாத விடியற்காலையில், சுற்றிலும் வெட்டவெளியில், நடப்பவர்களுக்குப் பாட்டு அறுந்து அறுந்து வருகிறது. உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அது இந்த அலையை உறிஞ்சிவிடும். வீட்டுக்குள் என்றால் சுவரில் பட்டுத் திரும்பும் அலை சுற்றிவந்தாவது காதுக்கு எட்டும். கடற்கரையில் சுவர் ஏது? ஜீன்ஸின் பின்பையில் போனை வைத்த இளைஞருக்கு இடுப்பும் முதுகும் குறுக்கே நிற்கின்றன. வெள்ளை அரைக்கைச் சட்டையின் மார்புப் பையில் போனை வைத்து, அது வெளியே எட்டிப் பார்க்க நடக்கும் ரிட்டயர்ட் மாமாவுக்கோ தடையே இல்லை. பல காலம் கேலிக்கு ஆளான அந்தப் பைக்கு இயற்பியல் தந்த நற்சான்று இது.

எஞ்சியது பெயர்ச் சிக்கல். பிளாட்பாரத்தில் வாங்கிய மலிவு இயர்பட்ஸ் பலவும் ஒரே பெயரில் பிறந்தவை. மாம்பலத்தில் மின்சார ரயிலுக்குக் காத்திருக்கையில் போனில் தேடினால் அதே பெயர் நாலு வரியில் நிற்கும். எது நம்முடையது என்று போன் சொல்லாது. வீட்டுக்குப் போய் ஆளில்லாத அறையில் இணைத்துவிட்டு, செட்டிங்ஸில் வேறு பெயர் சூட்டிவிடலாம். “மாமி தொடாதே” என்றுகூட வைக்கலாம். ஆனால் ஆண்ட்ராய்டில் பொதுவாக அந்தப் பெயர் மாற்றம் நம் போனுக்குள் மட்டும்தான் செல்லும். கெஜட்டில் வராததால் மாமியின் போனில் பழைய பெயரே தொடரும்.