குடும்பத் தலைவருக்கு அனுமதி இல்லை

ரேஷன் அட்டைப்படி எங்கள் வீட்டுக்குத் தலைவர் நான்தான். அட்டைக்கு வெளியே இதற்கு ஆதாரம் கிடையாது. அதை உண்டாக்கத்தானோ என்னவோ, பழைய லேப்டாப்பில் உபுண்டுவையும் அப்பாச்சி வெப் சர்வரையும் ஏற்றி, கல்யாண போட்டோக்களை வீட்டுப் போன்கள் எல்லாவற்றிலும் காட்டுகிறேன் என்று சவடால் அடித்தேன். திரையில் வந்தது ‘403 ஃபர்பிடன்’. என் லேப்டாப், என் கல்யாணம். எனக்கே அனுமதி இல்லை.

“உங்களையே உள்ள விடலையாங்க?” என்றாள் மனைவி.

“செக்யூரிட்டி பலமா இருக்கு” என்றேன்.

அப்பாச்சியைக் குறை சொல்ல மாட்டேன். மூல டைரக்டரிக்கு ‘ரிக்கொயர் ஆல் டினைட்’ என்று முதலிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் சாத்திவிட்டு, வேண்டியதை மட்டும் ‘ரிக்கொயர் ஆல் கிரான்டட்’ என்று திறந்துகொள்ள வேண்டும். எங்கள் பீரோ சாவிக்கும் இதே சட்டம்தான். 2012-இல் 2.4 பதிப்பு வருவதற்கு முன் இதைவிடக் கூத்து: ‘ஆர்டர் டினை,அலவ்’ என்றால் யாரும் தடுக்காதவரை அனுமதி, மாற்றிப் போட்டால் தடை. கமாவை ஒட்டி இடைவெளி விட்டாலோ சர்வர் கிளம்பவே கிளம்பாது. என்னிடம் இருந்த கையேடு அந்தக் காலத்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

விதியைத் திறந்தேன். மறுபடியும் 403. இந்தத் தடவை மறித்தது லினக்ஸ். 21.04 பதிப்பிலிருந்து உபுண்டு புதிய ஹோம் டைரக்டரிகளை 750 என்ற அனுமதியோடு பூட்டியே தருகிறது. அப்பாச்சி ஓடுவது வேறு பயனரின் பெயரில். அந்தப் பயனருக்கு வழியிலுள்ள ஒவ்வொரு டைரக்டரியிலும் நுழையும் உரிமை வேண்டும். நானோ உள்ளே கிடந்த போட்டோ டைரக்டரிக்கு 777 போட்டுவிட்டு, தெருக்கதவைச் சாத்தியே வைத்திருந்தேன். எந்தப் பூட்டு தடுக்கிறது என்பதை எரர் லாக் தெளிவாகச் சொல்லும். ஆண்பிள்ளை வழி கேட்பானா?

கடைசியில் ஹோம் டைரக்டரிக்கே 755 போட்டேன். வலைத்தள டைரக்டரிக்கென்று உபுண்டு எழுதியிருந்த விதியை அப்படியே நகலெடுத்து அதற்கும் ஒட்டினேன். அதில் ‘இண்டெக்சஸ்’ என்று ஒரு சொல் இருந்தது. முகப்புப் பக்கம் இல்லாத டைரக்டரியில் உள்ளதையெல்லாம் பட்டியல் போட்டுக் காட்டும் உத்தரவாம் அது.

மனைவி போனைத் திறந்தாள். போட்டோக்களைத் தேடவில்லை.

“அது என்னங்க, ‘தம்பிக்குக் கொடுத்தது’ன்னு ஒரு ஃபைல்?”

“அது பழைய கணக்கும்மா. எப்பவோ முடிஞ்சுபோச்சு.”

அப்பாச்சி பட்டியலில் பெயரோடு நிறுத்துவதில்லை. கடைசியாகத் திருத்திய தேதியையும் பக்கத்திலேயே போடும்.

“முந்தாநாள்னு காட்டுதே!”