ஐந்து வெள்ளி ஜப்பான்

சிங்கப்பூரில் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருந்தால் அதில் ஓர் உணவங்காடி இருக்கும். உணவங்காடி என்று இருந்தால் அதில் ஒரு ஜப்பானியக் கடை இருக்கும். ஜப்பானியக் கடை என்று இருந்தால் அதற்கு எதிர் மேசையில் நம்முடைய ஜப்பான் ரிட்டர்ன் உட்கார்ந்திருப்பார்.

துபாய் ரிட்டர்ன் வடிவேலுவை எல்லாருக்கும் தெரியும். அவருக்கு முனைவர் பட்டம் கொடுத்து, முதுகில் ஒரு மடிக்கணினிப் பையை மாட்டிவிட்டால் இவர். ஊரிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்தவர். எப்போதோ ஒரு மாநாட்டுக்காக டோக்கியோவுக்கு ஐந்து நாள் போய்வந்தார். அங்கே கட்டுரை வாசித்தது கால் மணி நேரம். அந்தக் கட்டுரையைப் பற்றி இதுவரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மிச்சமிருந்த நேரத்தைப் பற்றித்தான் நாங்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மதியம் பன்னிரண்டே காலுக்கு வரிசையில் நிற்பார். கடையின் நெற்றியில் விளக்குப் போட்ட படங்கள்: பளபளவென்று சால்மன், பொன்னிறத்தில் கட்சு, மஞ்சள் கரு வழிகிற முட்டை. அந்தப் படங்களை நோயாளியின் எக்ஸ்ரேயைப் பார்க்கும் மருத்துவர் மாதிரி அண்ணாந்து பார்ப்பார். கடைக்கார ஆன்ட்டி அவர் முகத்தைப் பார்த்ததுமே, “சேம் சேம்?” என்பார். இவரும் தோல்வியை ஒப்புக்கொண்டவர்போலத் தலையை ஆட்டுவார். கட்சு கறி, ஐந்து வெள்ளி ஐம்பது காசு, மிசோ சூப் இலவசம். அட்டையைத் தட்டுவார், தட்டைத் தூக்கிக்கொண்டு வருவார், உட்காருவார். உடனே சாப்பிடமாட்டார். ஒரு முறை தட்டைப் பார்ப்பார், ஒரு முறை எங்களைப் பார்ப்பார்.

“ம்ச்.”

இந்த ‘ம்ச்’தான் கடவுள் வாழ்த்து. இனி அரை மணி நேரத்துக்கு மேசையில் வேறு யாரும் பேச முடியாது.

முதலில் கட்சு. குச்சியால் அதை ஒரு பக்கம் தூக்குவார். ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த மேல்தோல் அப்படியே சட்டை மாதிரி கழன்று வரும். உள்ளே கோழி, காகிதக் கனத்தில், வெட்கத்தோடு கிடக்கும். காலை பத்தரைக்கே பொரித்து மஞ்சள் விளக்குக்குக் கீழே அடுக்கிவைத்தால் வேறென்ன ஆகும்? “தம்பி, டோக்கியோல கட்சுவைக் கடிச்சா சத்தம் அடுத்த டேபிளுக்குக் கேக்கும். இதைக் கடிச்சா நமக்கே கேக்கமாட்டேங்குது.” அடுத்து சோறு. ஜப்பான் அரிசி குட்டையாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருக்கவேண்டும், குச்சியில் எடுத்தால் கட்டியாக வரவேண்டும். இங்கே போடுவது பக்கத்துக் கடைக் கோழிச் சோற்றுக்குப் போடுகிற நீள அரிசிதான். அதைக் குச்சியில் பிடிக்க அவர் படும் பாட்டைப் பார்த்தால் கல் மனமும் கரையும். ஆனாலும் கரண்டியைத் தொடமாட்டார்.

அப்புறம் மிசோ சூப். கிண்ணத்தின் அடியில் வண்டல் தங்கியிருக்கும். மேலே தெளிந்த வெந்நீர். நடுவில் இரண்டு கடற்பாசித் துண்டுகள் துணைக்கு ஆளில்லாமல் மிதக்கும். கலக்கினால் ஒரு நிமிடம் சூப் ஆகும், மறுபடியும் வண்டலாகிவிடும்.

வசாபிக்கு வரும்போது குரல் ஒரு கட்டை ஏறும். கட்சு கறிக்கு வசாபி தேவையே இல்லை. பேசுவதற்காகவே ஒரு பொட்டலம் கேட்டு வாங்கி வருவார். “இதுக்குப் பேரு வசாபின்னு உனக்கு யாரு சொன்னா?” யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். “நிஜ வசாபி ஓடுற தண்ணியில வளர்ற செடி. அதோட தண்டைச் சுறாத்தோல் ஒட்டின பலகையில உரசி, கால் மணி நேரத்துக்குள்ள சாப்பிட்டுரணும். இல்லேன்னா வாசம் போயிரும். இது வெறும் குதிரை முள்ளங்கி, கடுகு, பச்சைச் சாயம்.”

இதில் எரிச்சலான விஷயம், அவர் சொல்வது உண்மை. நண்டுக்குச்சியில் நண்டு இல்லை, அது அரைத்த மீன். எழுபதுகளில் ஜப்பான்காரர்களே கண்டுபிடித்தது. பச்சை சால்மன் சுஷி பழைய ஜப்பான் வழக்கமே இல்லை. எண்பதுகளில் நார்வேக்காரர்கள் தங்கள் மீனை விற்பதற்காகப் போய்ப் பழக்கிவிட்டது. இப்படி அவர் சொல்லும் எதையும் மறுக்க முடியாது. அந்தப் பச்சைக் களிம்பும் நண்டுக்குச்சியும் டோக்கியோவின் மலிவுக் கடைகளிலும் மலை மலையாக விற்கின்றன என்பதை மட்டும் சொல்லமாட்டார். அவர் பார்த்துவந்த ஜப்பானில் மலிவுக் கடையே கிடையாது.

மதுரையிலிருந்து புதிதாக வந்த ஒரு மாணவர், பாவம், ஒருநாள் சுஷியைக் கையால் எடுத்துவிட்டார். ஜப்பான் ரிட்டர்ன் துடித்துப்போனார். “தம்பி, தம்பி! குச்சி! அந்தக் கலாசாரத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்கு!” பையன் வெலவெலத்துப்போய்க் குச்சியை எடுத்தார். சுஷி சோயா கிண்ணத்தில் விழுந்தது, சட்டையில் தெறித்தது, சோறு உதிர்ந்தது, மீன் தனியாக நீந்தியது. சோற்றுருண்டைமேல் மீனை வைத்துத் தருகிற அந்த வகை சுஷி 1820களில், எடோ எனப்பட்ட அன்றைய டோக்கியோவின் தெருக்கடைகளில் புழக்கத்துக்கு வந்தது. நின்றபடியே கையால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுகிற தீனி. இன்றைக்கும் பெரிய சுஷிக் கடைகளில் கையால் சாப்பிட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆக அந்த மேசையில் மரபை மீறாமல் சாப்பிட்ட ஒரே ஆள் மதுரைப் பையன்தான். இதை நான் அப்போதே சொல்லியிருப்பேன். சொன்னால் உரை இன்னும் கால் மணி நேரம் நீளும்; எனக்கு இரண்டு மணிக்குக் கூட்டம் இருந்தது.

புரட்டாசி வந்தால் அவருடைய தர்க்கம் இன்னும் கூர்மையாகும். மற்ற மாதங்களில் அவர்தான் எங்களுக்குப் பாடம் எடுத்தவர்: ஜப்பானியச் சாறு எதுவானாலும் அடித்தளம் ‘தாஷி’, அதற்குக் கடற்பாசியும் கட்சுவோபுஷியும் வேண்டும். கட்சுவோபுஷி என்பது சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டையாகும்வரை காயவைத்தது. மாலத்தீவிலிருந்து இலங்கைச் சம்பலுக்கு வருகிற மாசிக்கருவாடும் அதே மீன்தான், ஏறக்குறைய அதே பக்குவம்தான். இவ்வளவும் தெரிந்தவர் புரட்டாசிச் சனிக்கிழமை ஆய்வுக்கூடத்துக்கு வந்த கையோடு ‘வெஜிடபிள் உடோன்’ வாங்கிவந்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணே, சாறு மீனாச்சே?”

“இவன் எங்கப்பா நிஜ மீன் போடப்போறான்? எல்லாம் பொடி!”

அந்தப் பொடியும் மீனிலிருந்துதான் வருகிறது. ஆனால் கடைக்காரரின் கஞ்சத்தனத்தில் அவருக்கு இருந்த நம்பிக்கை பெருமாள்மேல் இருந்ததைவிட உறுதியானது.

கறியைப் பற்றி அவருக்கு ஒரு தனிக் கோபம். “கறி நம்மளுது. நம்மகிட்ட எடுத்துட்டுப் போய், அதுல சர்க்கரையப் போட்டு, நமக்கே விக்கிறான்.” பாதி உண்மை. ஜப்பானுக்குக் கறி போனது நம் அடுக்களையிலிருந்து நேராக அல்ல. மெய்ஜி மன்னர் காலத்தில் ஆங்கிலேயர்களின் கறித்தூளாகப் போனது. மாவும் கொழுப்பும் சேர்த்துக் கெட்டியாக்கிய அந்தக் குழம்பைக் கப்பற்படை பிடித்துக்கொண்டது. ஒரே அண்டாவில் நூறு பேருக்குச் செய்யலாம், கப்பல் ஆடினாலும் சிந்தாது. இன்றைக்கும் அவர்களுடைய கடற்படையில் வெள்ளிக்கிழமை என்றால் கறிச்சோறுதான். பெருங்கூட்டத்துக்கு மலிவாகப் பொங்கிப் போடுவதற்கென்றே பிழைத்துவந்த சாப்பாடு அது. ஆகவே பல்கலைக்கழக உணவங்காடிக்கு அதைவிடப் பொருத்தமான ஜப்பானிய உணவு கிடையாது என்பது என் கட்சி.

நம்மிடமிருந்து நேராகப் போன கறியும் ஒன்று உண்டு. வைஸ்ராய் ஹார்டிஞ்ச் பிரபுமேல் 1912இல் டில்லியில் வெடிகுண்டு வீசிய வழக்கில் தேடப்பட்ட ராஷ் பிஹாரி போஸ், 1915இல் ஜப்பானுக்குத் தப்பிப்போனார். டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் நகமுராயா என்ற ரொட்டிக்கடையின் உரிமையாளர் அவரை ஒளித்துவைத்தார். பிறகு மகளையும் கட்டிக்கொடுத்தார். அன்றைய ஜப்பானில் விற்ற கறியைப் பார்த்து நம் போஸுக்கும் ‘ம்ச்’ வந்திருக்கலாம். 1927இல் மாமனார் கடையில் இந்தியப் பக்குவத்தில் கோழிக் கறி விற்பனைக்கு வந்தது, இன்றும் விற்கிறது. அதே போஸ்தான் 1943 ஜூலை 4ஆம் தேதி, இதே சிங்கப்பூரில், கேத்தே அரங்கில், இந்திய சுதந்திர லீகின் தலைமையை நேதாஜியிடம் ஒப்படைத்தவர். இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, “நீங்க தங்கினதும் ஷின்ஜுகுதானே, அந்தக் கடைக்குப் போனீங்களா?” என்று கேட்டேன். சூப்பில் ஏதோ விழுந்துவிட்டதுபோலக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போகாததற்குக் காரணம் பிறகுதான் தெரிந்தது. அதே மாநாட்டுக்குக் கூடப் போன ஆய்வுக்கூடத் தோழர் ஒருவர் இருக்கிறார், வாயே திறக்காத மனிதர். ஒருநாள் தேநீருக்குக் காசு கொடுத்தேன், வாயைத் திறந்தார். ஐந்து நாளில் நம்மவர் சாப்பிட்டது பெரும்பாலும் இருபத்துநாலு மணி நேரக் கடையின் முக்கோணச் சோற்றுருண்டை. உணவகத்தில் நுழைந்தால் மெனு புரியவில்லை, விலை புரிந்தது. அதனால் வெளியே வந்துவிட்டார். மூன்றாம் நாள் இரவு நாக்குச் செத்துப்போய், தோழரை இழுத்துக்கொண்டு ஓர் இந்திய உணவகத்துக்குப் போனாராம். ஜப்பானில் பல இந்திய உணவகங்களை நடத்துவது நேபாளிகள். அங்கே முகத்தைவிடப் பெரிய நானை வெண்ணெய்க் கோழியில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, “இது இந்தியச் சாப்பாடே இல்ல” என்று நேபாளிச் சமையல்காரருக்கு அரை மணி நேரம் விளக்கினாராம். அடுத்த மேசைக்குக் கேட்டதாகச் சொல்லப்படும் அந்தக் கட்சு எந்தக் கடையில் கடிக்கப்பட்டது என்பது தோழருக்கும் தெரியவில்லை.

ஒரு சமயம் ஒசாகாவிலிருந்து பரிமாற்றத்தில் வந்த மாணவர் ஒருவர் பரோட்டாக் கடை வரிசையில் நின்றிருந்தார். ஜப்பான் ரிட்டர்ன் விடவில்லை. தன் காசிலேயே கட்சு கறி வாங்கிக் கொடுத்து, எதிரே உட்காரவைத்து, தீர்ப்புக்காகக் காத்திருந்தார். பையன் ஒரு வாய் சாப்பிட்டார், இன்னொரு வாய் சாப்பிட்டார், தட்டை வழித்தார். “நன்றாக இருக்கிறது. எங்கள் பல்கலைக்கழகத்திலும் இப்படித்தான் இருக்கும்” என்றார். அவர் பரோட்டாவுக்கு எழுந்துபோனதும் நம்மவர் எங்கள் பக்கம் குனிந்தார்.

“கவனிச்சீங்களா? ஜப்பான்காரங்க மரியாதைக்காரங்க. இதைவிடக் கேவலமா அவங்களால திட்ட முடியாது.”

இவரை ஒருமுறையாவது வாயடைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று எங்களுக்கெல்லாம் ஆசை. அதை நிறைவேற்றியவர் அவருடைய பேராசிரியர். ஆய்வு நிதி கிடைத்த மகிழ்ச்சியில் குழு முழுவதையும் நகரத்திலுள்ள அசல் ஜப்பானிய உணவகத்துக்கு அழைத்துப்போனார். தலைக்கு நூறு வெள்ளிக்கு மேலே. அரிசி பளபளத்தது, கட்சு மொறுமொறுத்தது, வசாபித் தண்டைக் கண்ணெதிரே உரசிக் கொடுத்தார்கள். ஜப்பான் ரிட்டர்ன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுவதற்கு எதுவும் இல்லை. இரண்டு மணி நேரம் தட்டைப் பார்த்துக் குனிந்து சாப்பிட்டுவிட்டு, வெளியே வந்து, “பரவால்ல, நல்லாத்தான் இருந்தது” என்றார். அவ்வளவு சோகமாக அவரை அதற்குமுன் பார்த்ததில்லை. மறுநாள் பன்னிரண்டே காலுக்கு வரிசையில் நின்று, கழன்ற சட்டையைக் குச்சியால் தூக்கிப் பார்த்தபோதுதான் முகத்தில் பழைய களை திரும்பியது.

அந்தச் சாப்பாடு மோசம் என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஐந்தரை வெள்ளிக்குள் வாடகை, ஆள் கூலி, எண்ணெய், கோழி எல்லாம் அடங்கவேண்டும் என்றால் மீதிக்கு என்ன ஜப்பானைக் கொடுக்க முடியும்? ஆன்ட்டி அதில் ஒரு சூப்பையும் சேர்த்துத் தந்தார். இப்படியொரு கடைக்குப் போகிறவர்கள் கட்சு கறியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சால்மன் பக்கம் போகவேண்டாம். கரண்டி கேட்டால் கொடுப்பார்கள்.

சென்ற விடுமுறை முடிந்து திரும்பியபோது கடையின் பெயர்ப்பலகை மாறியிருந்தது. இப்போது அது கொரியக் கடை. அதே ஆன்ட்டி, அதே மஞ்சள் விளக்கு, அதே கட்சு. மேலே சிவப்புச் சாறு ஊற்றுகிறார்கள், மிசோவுக்குப் பதில் கிம்ச்சி. விலை ஆறு வெள்ளி. ஜப்பான் ரிட்டர்ன் இரண்டு வாரமாக அதையே சாப்பிட்டுக்கொண்டு மௌனமாக இருக்கிறார். கொரியாவைப் பற்றி அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. ஆனால் அடுத்த ஆண்டு சியோலில் நடக்கும் ஒரு மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பியிருப்பதாகக் கேள்வி. அந்த மாநாட்டுத் தேர்வுக்குழுவில் தமிழர் யாராவது இருந்தால், எங்கள் மேசையின் சார்பாக ஒரு விண்ணப்பம்: தயவுசெய்து நிராகரித்துவிடுங்கள்.