ஆதாம் முதல் ஐஸ் ஹவுஸ் வரை

பாரதி சாலைப் பழைய புத்தகக் கடையில் போய், "பத்து வயசுப் பையனுக்குச் சரித்திரப் புத்தகம் வேணும்" என்றேன்.

"எந்த போர்டு சார்? ஸ்டேட் போர்டா, சி.பி.எஸ்.இ.யா?"

"போர்டெல்லாம் இல்லைங்க. வீட்டுலதான்."

"வீட்டு போர்டுன்னா டு லெட் போர்டா? அது ஸ்டேஷனரிக் கடையில கிடைக்கும் சார்."

விளக்கம் சொல்லாமல் வந்துவிட்டேன். சொல்லிச் சொல்லி அலுத்துப்போன விஷயம் அது. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். மூடியவற்றை ஒருநாள் திறந்தார்கள். இடையில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது, அதை மூட யாரும் உத்தரவு போடவில்லை. பெரியவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. பதினான்கு ஆனால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதலாம். இந்த ஒரு வாக்கியத்தைக் காய்கறிக்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், என் சொந்த அண்ணன் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். கீழ்வீட்டு மாமி மட்டும் முதல் வருஷம் முழுக்க நம்பவில்லை. "ஏம்ப்பா, ஃபீஸ் கட்டறதுல ஏதாவது சிரமமா?" என்று படியில் நிறுத்தி ரகசியமாகக் கேட்டார்.

கணக்குக்குப் பயிற்சிப் புத்தகம் இருந்தது. விஞ்ஞானத்துக்கு அடுக்களையும் மொட்டை மாடியும். தமிழுக்கு அதே மாமி, ஓய்வு பெற்ற தமிழாசிரியை. சரித்திரத்தில்தான் வண்டி நின்றது. "கணக்கை யார் சொன்னாலும் ஒரே விடைதாங்க. சரித்திரம் அப்படியா? அதனால நம்ம விசுவாசத்தோட சொல்ற சரித்திரமா வாங்கணும்" என்றாள் என் மனைவி. நியாயமாகத்தான் பட்டது. "நம்ம" என்ற அந்த மூன்றெழுத்துக்குள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அப்போது தெரியாது.

சபையில் ஹோம் ஸ்கூல் நடத்தும் குடும்பங்கள் எங்களையும் சேர்த்து மூன்று. மற்ற இரண்டும் இரண்டு பாடத்திட்டங்களைச் சொன்னார்கள். அமெரிக்காவில் இதற்கென்றே பதிப்பகங்கள் இருக்கின்றன. ஆதியாகமத்தில் தொடங்கி நான்கு பாகம், அட்டவணை, வரைபடம், ஒட்டும் படம், ஆசிரியர் கையேடு. அந்தக் கையேட்டைப் படிக்க ஆசிரியருக்கு ஒரு கையேடு வேண்டும். சூசன் வைஸ் பாயர் எழுதிய 'தி ஸ்டோரி ஆஃப் தி வேர்ல்ட்' என்ற நான்கு தொகுதிகளும் பேச்சில் வந்தன. அதில் வேதம் போதாது என்று ஒருவரும், வேதம் அதிகம் என்று இன்னொருவரும் சொன்னதால், அது நல்ல புத்தகமாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. மனைவி கேட்கவில்லை. இன்னும் கனமான வேறொரு செட்டைத் தேர்ந்தெடுத்தாள். புத்தக விலையைவிடத் தபால் கூலி அதிகமாக இருந்ததால், ஊருக்கு வந்த நண்பர் ஒருவரின் பெட்டியில் வந்து சேர்ந்தது. அவர் அந்த எடைக்குச் சாக்லேட்டைத் தியாகம் செய்தார் என்பதை அவர் மனைவி இன்றுவரை எங்களுக்கு நினைவூட்டுகிறார்.

முதல் வாரம் டைம்லைன் ஒட்டும் வேலை. புத்தகம் உலகப் படைப்பை கி.மு. 4004 என்று போட்டிருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் வேதத்திலுள்ள வம்ச வரலாறுகளைக் கூட்டிக் கழித்துச் சொன்ன கணக்கு. கிறிஸ்தவர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்ட கணக்கில்லை அது. எனக்கு அதைவிடப் பெரிய பிரச்சினை சுவர். எங்கள் ஹால் சுவர் பத்தடி. நூற்றாண்டுக்கு இரண்டு அங்குலம் வைத்தால் ஆறாயிரம் வருஷத்துக்கு நூற்றிருபது அங்குலம். இடது மூலையில் ஆதாம், வலது மூலையில் ஃபிரிட்ஜ். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உலகம் எங்கள் சுவரில் கச்சிதமாக உட்கார்ந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுக் காபி குடித்தேன்.

அன்று சாயங்காலம் மாமி தமிழ்ப் பாடம் எடுக்க மாடிக்கு வந்தார். இறையனார் அகப்பொருள் உரை சொல்லும் சங்கக் கணக்கு. முதற்சங்கம் 4440 வருஷம், இடைச்சங்கம் 3700, கடைச்சங்கம் 1850. கூட்டினால் 9990.

சின்னவன் ஸ்கேலை எடுத்துக்கொண்டு சுவரோரம் போனான். கடைச்சங்கத்தைக் கிறிஸ்துவுக்குப் பின் கொஞ்சம் தள்ளி முடித்துவிட்டு இடப்பக்கமாக அளந்துகொண்டே போனான். ஆதாமைத் தாண்டினான். பிறகு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். இன்னும் ஒன்பதரை அடி பாக்கி. பக்கத்துக் கட்டடம் மேன்ஷன். அவன் கணக்குப்படி முதற்சங்கம் அங்கே முதல் மாடியில், யாரோ ஒரு பேச்சிலரின் கட்டிலுக்கு மேலே தொடங்குகிறது. புலவர்கள் திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்குவது புதிதில்லைதான். ஆனால் அவன் கேள்வி வேறு.

"அப்பா, உலகம் உண்டாகறதுக்கு முன்னாடி எங்கே உட்கார்ந்து பாட்டு எழுதினாங்க?"

நான் மாமியைப் பார்த்தேன். மாமி ஆதாமைப் பார்த்தார். "அது உரைகாரர் வாக்கு. நம்பறதும் நம்பாததும் அவாவா இஷ்டம். பரீட்சையில கேட்டா 9990-ன்னு எழுதிடு" என்றார். அதைவிட நேர்மையான பதிலை அந்த அமெரிக்க ஆசிரியர் கையேட்டில் நான் பார்க்கவில்லை.

இரண்டாவது மாதம் மேஃப்ளவர். 1620-இல் மாசசூசெட்ஸ் கரையில் இறங்கிய யாத்திரிகர்கள், குளிர், பட்டினி, நன்றி கூறும் விருந்து. செயல்பாடு: இலையுதிர் காலத்தில் வெளியே போய்ச் சிவந்த இலைகளைப் பொறுக்கி ஒட்டவும். அக்டோபரில் எங்கள் தெருவில் உதிர்வது மழைதான். அதில் அலைந்து சின்னவன் ஒரே ஒரு சிவந்த வாதாம் இலையைக் கொண்டுவந்து ஒட்டினான். அது மேப்பிள் மாதிரி இல்லை என்று பெரியவள் மார்க் குறைத்தாள்.

இந்தியா எங்கே வருகிறது என்று நான் புரட்டிப் பார்த்தேன். ஒன்றேகால் பக்கம். மேலே யானை, கீழே வில்லியம் கேரி. 1793-இல் அவர் வந்த பிறகுதான் எங்களுக்கு விடிந்தது என்கிற மாதிரி ஒரு பத்தி.

இங்கேதான் என் ரத்தம் கொதித்தது. என் தாத்தா தரங்கம்பாடிக்காரர், லுத்தரன். கேரிக்கு எண்பத்தேழு வருஷம் முன்பே, 1706 ஜூலை 9 அன்று, சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கியாயிற்று. "சரித்திரத்தை 1706-ல ஆரம்பிப்போம்" என்று மேஜையைத் தட்டினேன்.

மாமியார் பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்தார். "மாப்பிள்ளை, எங்க ஊரை விட்டுட்டு என்னத்த சரித்திரம் சொல்லிக் குடுக்கப் போறிய? பாப்பாத்தி அம்மாள் கோயிலைப் பிள்ளைய பார்த்திருக்கா?" என்றார். குளோரிந்தா என்று ஞானஸ்நானப் பெயர் பெற்ற ஒரு பிராமண விதவை முன்னின்று கட்டிய கோயில், 1785. திருநெல்வேலித் திருச்சபைக்கே அதுதான் தலைப்பிள்ளை என்பது மாமியாரின் சரித்திரம். அதற்கு முந்தியதெல்லாம் அவருக்கு முன்னுரை.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அத்தானும் வந்தார்கள். அத்தான் சாந்தோம், கத்தோலிக்கர். பிரியாணியை முடித்துக் கை கழுவிவிட்டுத்தான் பேசினார். "மாப்ளே, 1706, 1785-ன்னு வாடகை ரசீது மாதிரி சொல்லிட்டிருக்கீங்க. நாங்க 52." கி.பி. 52-இல் தோமையார் வந்தார், 72-இல் பரங்கிமலையில் மாண்டார் என்பது மரபு. அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? ஆதாமைச் சொன்னால் உண்டு. அதற்கும் மாமியிடம் 9990 இருக்கிறது.

"ஆதாரம் இருக்கா மாமா?" என்றாள் பெரியவள். அத்தான், "மலையே இருக்கேம்மா" என்றார்.

அடுத்த சனிக்கிழமை பஸ் பிடித்துப் பரங்கிமலைக்குப் போனோம். அந்தச் செட்டை மூடிவிட்டு நாங்கள் நடத்திய முதல் வகுப்பு அது. நூற்று முப்பதுக்கு மேல் படிகள். மூன்று பேர் எண்ணினோம், மூன்று விடை வந்தது. (கணக்கை யார் சொன்னாலும் ஒரே விடை என்று சொன்ன மனைவி அன்று வரவில்லை.) அந்தப் படிகளைக் கட்டிக்கொடுத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி. 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் மர்மலாங் பாலம் போட்டதும் அவரேதான். சென்னையில் இறந்தார், வேப்பேரியில் புதைத்தார்கள், ஆனால் அவர் விருப்பப்படி இதயத்தை மட்டும் ஒரு பெட்டியில் வைத்துப் பாரசீகத்து ஜுல்பாவுக்கு அனுப்பினார்கள். சின்னவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். மேஃப்ளவருக்கு அவன் ஒருநாளும் இப்படி உட்கார்ந்ததில்லை. "பெட்டியில ஐஸ் வச்சாங்களா?" என்றான்.

மேலே கோயிலில், 1547-இல் போர்த்துக்கீசியர் தோண்டும்போது கிடைத்த கற்சிலுவை. சுற்றிலும் பழைய பாரசீக எழுத்து, பஹ்லவி. தோமையார் காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியது என்று ஆராய்ச்சியாளர் சொல்வதைப் பெரியவள் நோட்டில் எழுதிக்கொண்டாள், அத்தானிடம் காட்டுவதற்கு. அந்தச் சிலுவைக்கு டிசம்பர் மாதத்தில் வியர்த்ததாக ஐதீகம். "மெட்ராஸ்ல டிசம்பர்ல கூட வியர்க்கும்ப்பா" என்றான் சின்னவன், நான் அவன் வாயைப் பொத்துவதற்குள்.

அதன் பிறகு பாடத்திட்டம் தானாக ஓடியது. கோட்டைக்குள் புனித மரியாள் ஆலயம், 1680 அக்டோபரில் பிரதிஷ்டை. ஒரே வாரத்தில், நவம்பர் 4 அன்று, அங்கே நடந்த முதல் கல்யாணத்தின் மாப்பிள்ளை எலிஹு யேல். பின்னால் மதராஸ் கவர்னராகி, ஊழல் புகாரில் பதவி போய், ஊருக்குத் திரும்பி, சரக்கும் புத்தகமும் தானமாக அனுப்பிப் பல்கலைக்கழகத்துக்குத் தன் பெயரை வாங்கிக்கொண்டவர். நம்ம ஊர் கல்வித் தந்தைகளுக்கு முன்னோடி இங்கேயே பயின்றவர் என்று தெரிந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

தரங்கம்பாடியை நான் எடுத்தேன், ஒரு மாதம். கப்பலிலிருந்து இறங்கிய மறுநாள் சீகன்பால்குக்கு இருபத்து நான்கு வயது நிறைந்தது. தமிழ் தெரியாது. என்ன செய்தார் தெரியுமா? உள்ளூர்த் திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிள்ளைகளோடு தம் வீட்டுக்கே வந்து பள்ளிக்கூடத்தை நடத்தச் சொன்னார். தாமும் அந்தக் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதினார். ஹோம் ஸ்கூலிங்குக்கு முந்நூறு வருஷத்து முன்னுதாரணம்! அன்றைக்கே கீழே போய் மாமியிடம் சொன்னேன். "அவருக்கும் ஃபீஸ் சிரமமா?" என்றார்.

புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிடும்போது ஐரோப்பாவிலிருந்து வந்த எழுத்துகள் பெரிதாக இருந்தன, காகிதம் போதவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்தார்கள். இந்தப் பாடம் நடந்த வாரம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் சீஸ் டப்பாவுக்கு மூடி இல்லை.

எழும்பூரில் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும் பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதையும் கண்டு, தம் அனாதை இல்லத்தில் அதையே செய்து, 1797-இல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்தில் அதற்கு 'மெட்ராஸ் சிஸ்டம்' என்றே பெயர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் இந்த முறையைத்தான் கடைப்பிடிக்கிறேன். பெரியவள் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுப்பாள், நான் கண்ணை மூடிக் கண்காணிப்பேன்.

மேஃப்ளவரைக் கடைசியில் காப்பாற்றியது ஐஸ் ஹவுஸ். ஒரு மாலை கடற்கரைக்கு நடந்தபோது அந்த வட்டச் சுவரைக் காட்டி, ஃபிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரி 1840-களில் இங்கே கிடங்கு கட்டி, மாசசூசெட்ஸ் ஏரிகளில் உறைந்த பனியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றி, நம் ஊர் துரைமாருக்கு விற்ற கதையைச் சொன்னேன். மாதக்கணக்கில் கடலில் வரும். வழியெல்லாம் உருகியது போக மிச்சம் இங்கே இறங்கும். 1897-இல் விவேகானந்தர் வந்து தங்கியது அதற்கெல்லாம் பின்னால்.

"மேஃப்ளவர் போய் இறங்கின அந்த ஊர்ப் பக்கத்துலேர்ந்தா?" என்றாள் பெரியவள்.

"அதே ஊர்ப் பக்கத்துலேர்ந்துதான்."

வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேரும் அந்த அத்தியாயத்தைத் தாங்களாகவே எடுத்து மறுபடி படித்தார்கள். அந்தச் செட்டிலிருந்து அவர்கள் முழுதாகப் படித்த ஒரே அத்தியாயம் அதுதான்.

அமெரிக்காவிலிருந்து பத்திரமாகப் பொதிந்து வந்து திருவல்லிக்கேணி வெயிலில் உருகிப்போன இரண்டாவது சரக்கு இப்போது எங்கள் அலமாரியில் இருக்கிறது. நான்கு பாகம், ஆசிரியர் கையேட்டுடன். முதல் பாகத்தில் ஐந்தாம் பக்கம்வரை ரசம் பட்டிருக்கிறது, மேஃப்ளவர் பக்கத்தில் ஒரு வாதாம் இலை ஒட்டியிருக்கிறது. மற்றபடி புதிது. விலை பேசிக்கொள்ளலாம். வேண்டியவர்கள் மாடிப்படி ஏறுமுன் கீழ்வீட்டு மாமியிடம் சொல்லிவிட்டு வரவும். ஃபீஸ் கட்டத்தான் விற்கிறோம் என்று அவர் சொன்னால் நம்ப வேண்டாம்.