பங்காருக்குப் போகாத பெட்டி

1988-இல் இந்தப் பெட்டியால் என்ன பிரயோஜனம் என்று எங்கள் பில்டிங்கில் யாரைக் கேட்டிருந்தாலும், ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். இன்றைக்குக் கேட்டாலும் அதே பதில்தான். நடுவில் கூடியிருப்பது மரியாதை மட்டும். அன்று "படிக்கிற பையனைக் கெடுக்க வந்த சனியன்" என்று பேர் வாங்கிய சாமான், இப்போது செம்பூரில் ஒரு ஃபிளாட்டின் கண்ணாடி அலமாரியில், மழைக்கால ஈரம் அண்டாதிருக்க சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் காவலிருக்க, குலதெய்வத்துக்கு அடுத்த அந்தஸ்தில் உட்கார்ந்திருக்கிறது.

பெட்டி என்றால் சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம். 1982 ஏப்ரலில் இங்கிலாந்தில் வெளிவந்தது. 48கே மாடல் 175 பவுண்டு. அன்றைய மாற்று விகிதத்தில் மூவாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு, சுங்கம் தனி. மானிட்டர் கிடையாது, வீட்டு டிவியில்தான் மாட்ட வேண்டும். டிஸ்க் கிடையாது, பாட்டுக் கேட்கிற டேப் ரெக்கார்டரே அதன் சேமிப்புக் கிடங்கு. மொத்த நினைவகம் 48 கிலோபைட். தினமும் விடிகாலையில் என் மாமா போனில் அனுப்பும் ரோஜாப்பூ 'குட்மார்னிங்' ஒன்று அதில் முழுசாக அடங்காது.

1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கம்ப்யூட்டர் கொள்கையை அறிவித்து இறக்குமதிக் கெடுபிடியைத் தளர்த்தியது. 1986-இல் டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் என்ற நம் நாட்டுக் கம்பெனி லைசென்ஸ் வாங்கி, 'டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்' என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. சில ஆயிரம் போயிற்று. 1990 வாக்கில் சந்தை அடங்கிவிட்டது. இதில் வேடிக்கை, அதே 1986 ஏப்ரலில்தான் சர் கிளைவ் சின்க்ளேர் தாக்குப்பிடிக்க முடியாமல் தன் கம்ப்யூட்டர் வியாபாரத்தையே ஆம்ஸ்ட்ராடுக்கு 50 லட்சம் பவுண்டுக்கு விற்றுவிட்டார். அங்கே வீடு ஏலம் போகிற வருஷத்தில் இங்கே கிருகப்பிரவேசம்.

எங்கள் கோஷ்டிக்கு வாய்த்தது டெசிபெல்ஸ் சரக்கு இல்லை. மாட்டுங்காவில் தெலங் ரோடு பக்கம் குடியிருந்த நண்பனின் பெரியப்பா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த ஸ்பெக்ட்ரம் பிளஸ். சோப்பு, டார்ச் லைட், இரண்டு நைலெக்ஸ் புடவை, இது. புடவை அன்றே பிரிந்தது. பெட்டி வேலை செய்யவில்லை. அதாவது, வேலை செய்கிறதா என்று பார்க்க வழியில்லை. இங்கிலாந்து மெஷின் யூஎச்எஃப் 36-ஆம் சானலில் படம் அனுப்பும். நண்பன் வீட்டு டிவியில் இருந்தது திருகினால் 'கடக் கடக்' என்று விழும் வீஎச்எஃப் டியூனர். தூர்தர்ஷன் வரும் 4-ஆம் நம்பரைத் தவிர அதில் மற்றதெல்லாம் அலங்காரம்.

தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் ஒரு அண்ணாச்சி டிவி, டேப் ரெக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். திருநெல்வேலிப் பக்கம். கம்ப்யூட்டரை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. அதை ஒரு குறையாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. மூடியைக் கழற்றினார். மேல்மூலையில் இருந்த சின்னத் தகரப் பெட்டியைக் காட்டி, "இதுதான் ஸ்டேஷன். இங்கேருந்து ஆன்டெனாவுக்குப் போறதுக்கு முன்னாலயே நாம இழுத்துருவோம்" என்றார். டிவியையும் திறந்தார். அது பேட்டரியிலும் ஓடக்கூடிய 14 இன்ச் போர்ட்டபிள். "டிரான்ஸ்பார்மர் இருக்கு, அதனால தொடுதேன். கரண்டு நேரா பாடியில ஏறுத செட்டா இருந்தா, போய்ட்டு வாங்கன்னு அனுப்பியிருப்பேன்." ஒரு வயரை இங்கே வைத்தார், ஒன்றை அங்கே வைத்தார். திரையில் அடியோரமாக '1982 சின்க்ளேர் ரிசர்ச் லிமிடெட்' என்று ஒரு வரி. அதுவே பரமபதம் திறந்த மாதிரிதான் எங்களுக்கு. அண்ணாச்சி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார்.

அந்த வேலைக்கு இன்று 'காம்போசிட் மாட்' என்று பெயர். படம் போட்டு அம்புக்குறி இட்ட விளக்கங்கள், முக்கால் மணி நேர வீடியோக்கள், கண்டென்சர் 100 மைக்ரோவா 220-ஆ என்று தீராத சச்சரவுகள்.

பிறகு கேசட். இதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். 'ஜே' சாவியை அழுத்தினால் 'லோட்' என்று முழு வார்த்தையே வந்து விழும். இரண்டு மேற்கோள் குறி, என்டர், டேப்பில் பிளே. முதலில் ஒரே சீரான கூவல். திரையின் ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமுமாகப் பட்டைகள் ஏறும். பிறகு கரகரவென்று இரைச்சல். நீலமும் மஞ்சளுமாகப் பட்டைகள் துடிக்கும். கலரெல்லாம் எனக்கு ரொம்பப் பின்னால் தெரிந்தது. நண்பன் வீட்டில் எல்லாமே சாம்பலும் அதைவிடக் கொஞ்சம் கருத்த சாம்பலும். ஐந்து நிமிஷம் மூச்சுவிடாமல் உட்கார வேண்டும். நாலரையாவது நிமிஷத்தில் 'ஆர் டேப் லோடிங் எரர், 0:1' என்று வரும். முதலிலிருந்து ஆரம்பம். அடுத்த தடவை சரியாக ஏறி முடிகிற நேரத்தில் சமையலறையில் அவன் அம்மா கிரைண்டரைப் போடுவார். டிவியில் கோடு ஓடும், மெஷின் ரீசெட் ஆகும். இட்லி மாவுக்கும் இங்கிலாந்துக்கும் நடந்த சண்டையில் மாவு தோற்றதாக எனக்கு நினைவில்லை.

எரருக்கு வைத்தியமும் அண்ணாச்சியிடமிருந்துதான் வந்தது. டேப் ஹெட் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும். அதை ஸ்க்ரூ டிரைவரால் இம்மியளவு திருப்பிக்கொண்டே காதைக் கூர்மையாக வைக்க வேண்டும். இரைச்சல் மழுங்கலாக இருந்தால் ஹெட் சாய்ந்திருக்கிறது. 'ஸ்ஸ்' என்று காதைக் கீறினால் சரி. லாமிங்டன் ரோட்டில் பதிந்து வாங்கும் கேசட் ஒவ்வொன்றும் ஒவ்வொரு டெக்கில் பதிந்தது, ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு திருப்பு. அதற்கப்புறம் அந்த வீட்டில் எம்.எஸ். பாடினாலும் ஜலதோஷத்தோடுதான் பாடினார்.

இந்த ஐந்து நிமிஷத்தை ஒழிக்க வேண்டும் என்பது அன்று எங்கள் வாழ்க்கை லட்சியம். ஒழித்தாயிற்று. பெட்டியின் பின்புறம் செருகும் சின்ன அட்டை ஒன்று வருகிறது. எஸ்டி கார்டிலிருந்து எந்த விளையாட்டும் கண்மூடித் திறப்பதற்குள் ஏறிவிடும். நண்பனிடமும் அது இருக்கிறது. விலை கொடுத்து வரவழைத்தான், மாட்டிப் பார்த்தான், கழற்றி டிராயரில் போட்டுவிட்டான். "அதில் ஒரு திருப்தி இல்லைடா" என்கிறான். ஞாயிற்றுக்கிழமை தோறும் நாங்கள், கண்ணாடியும் சர்க்கரையும் வந்துவிட்ட ஆண்கள், அவன் ஃபிளாட்டில் கூடி, பழைய டேப் ரெக்கார்டரில் அதே ஐந்து நிமிஷ இரைச்சலைக் கேட்கிறோம். இப்போது எரர் வந்தால் எல்லோர் முகத்திலும் ஒரு மலர்ச்சி. அவன் மனைவி ஒரு தடவை காபி வைக்க வந்தவர் சொன்னார்: "மத்தவா ஆத்துல ரிட்டயர்மென்ட்டுக்கு அப்புறம் கோவிலுக்குப் போறா. இவர் பேய் ஓட்டறார்."

ஆவணப்படுத்தும் பைத்தியம் வேறு. கேசட்டின் ஒவ்வொரு துடிப்பையும் அப்படியே ஃபைலாக மாற்றி வைக்கிற வழக்கம் உலகமெங்கும் உண்டு. ரோம் நிரலை வைத்திருந்த ஆம்ஸ்ட்ராடே 1999-இல் அதை எமுலேட்டர்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று அனுமதி தந்துவிட்டது. எங்களில் ஒருவர் அணுசக்தி நகர்ப் பக்கம் இருந்தவர், ஒழுங்கு அதிகம். எங்கள் லாமிங்டன் ரோட்டு கேசட் ஒன்றில் 'மேனிக் மைனர்' முடிந்ததும் இளையராஜா பாட்டு ஒன்றின் கடைசிச் சரணம் வரும். மேலே பதிந்தவன் அழிக்காமல் விட்டது. அந்தப் பாட்டை வெட்டிவிட்டு ஃபைல் பண்ணலாம் என்றேன். "வெட்டக் கூடாது. அது இந்தப் பிரதியோட பூர்வீகம்" என்றார். திருட்டு கேசட்டுக்குப் பூர்வீகம்! அன்று நாங்கள் அதைச் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்தோம். இன்று அதற்கு அட்டவணை எண் போட்டாயிற்று.

அந்த 'மேனிக் மைனர்' விளையாட்டில் உயிர் தீராமலிருக்க 35136-ஆம் முகவரியில் சைபர் வைக்க வேண்டும். இது எனக்கு இன்றும் தூக்கத்தில் வரும். என் மனைவியின் போன் நம்பர் வராது. கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் புத்தகக் கடைகளில் ஆறேழு மாசம் பழசான இங்கிலீஷ் கம்ப்யூட்டர் பத்திரிகை அகப்படும், அதிலிருந்து பொறுக்கிய ஞானம். படிப்புக்கு அது உதவவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஸ்பெக்ட்ரத்துக்குள் இருந்தது சைலாக் இசட்-80 சில்லு. காலேஜில் இன்டெல் 8085. இசட்-80-ஐ உண்டாக்கிய ஃபெடரிகோ ஃபாஜின் அதற்கு முன் இன்டெலில் 8080-இல் வேலை பார்த்தவர். அதனால் இரண்டும் பங்காளிகள். இங்கே 'எல்டி' என்பதை அங்கே 'மூவ்' என்பார்கள், உள்ளே எண் ஒன்றே. வைவாவில் அதைச் சொன்னேன். பரீட்சை வைத்தவர் சிலபஸில் இல்லாததைப் பேசக் கூடாது என்றார்.

1976-இல் வந்த அந்தச் சில்லை 2024 ஏப்ரலில் சைலாக் நிறுத்துவதாக அறிவித்தது. ஜூனோடு ஆர்டர் முடிவு. நண்பன் ஒரு டஜன் வாங்கி வைத்தான். அவனுக்கு இருப்பது ஒரே மெஷின். அதே வருஷம் நவம்பரில் ரெட்ரோ கேம்ஸ் என்ற கம்பெனி பார்வைக்கு அச்சு அசலாக, ரப்பர் சாவியோடு, ஹெச்டிஎம்ஐ வயரோடு புது ஸ்பெக்ட்ரம் ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே ஒரு பிரேசில்காரர் கோஷ்டியின் முயற்சியில் 'ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட்' 2017-இல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டியது. அதன் உடம்பை வரைந்தவர் 1982-இன் பெட்டியை வரைந்த அதே ரிக் டிக்கின்சன், அது ஆட்களின் கைக்குப் போய்ச் சேருமுன் 2018-இல் காலமானார். எங்கள் ஆட்களுக்கு இந்தப் புதுசுகளெல்லாம் மருமகப்பிள்ளை வகை. உபசரிப்பார்கள், சொத்தில் சேர்க்க மாட்டார்கள்.

சொத்து இருப்பது தாராவியில். பம்பாயின் பழைய பிளாஸ்டிக் உடம்புகளெல்லாம் பங்கார்காரர், அதாவது பழைய சாமான் வாங்குகிறவர் மூலம் கடைசியில் பதின்மூன்றாம் காம்பவுண்டுக்கு வந்து சேரும். ஒரு துண்டைக் கொளுத்தி, புகையை மோந்து, இது ஏபிஎஸ், இது பிபி என்று பிரித்து, அரைத்து, கழுவி, உருக்கி 'தானா' என்ற மணிகளாக ஆக்கிவிடுவார்கள். மின்கழிவுக்கு 2012 மேயிலிருந்து சட்டம் வந்துவிட்டது, பதிவு பெற்ற ஆலைக்குத்தான் போக வேண்டும் என்று. சட்டத்துக்கு முன்னால் எத்தனை டெசிபெல்ஸ் ஸ்பெக்ட்ரங்கள் பக்கெட்டும் செருப்புமாக மறுபிறவி எடுத்தனவோ. அதற்குத் தப்பிய டேப் டெக் பெல்ட், ஹெட், 7805 ரெகுலேட்டர் எல்லாம் இன்றும் அண்ணாச்சி கடைத் தகர டப்பாக்களில் உண்டு. எழுபது தாண்டிவிட்டார். இப்போது போன் சார்ஜர்தான் முக்கிய வியாபாரம். எங்களைப் பார்த்தால் மட்டும் ரப்பர் பெல்ட்டுக்கு நாலு மடங்கு சொல்வார். "கம்பூட்டருக்குன்னா தனி ரேட்டு."

போன தடவை ரேட் பேசவில்லை. 2024 மார்ச்சில் தாராவி மறுசீரமைப்புக்கு சர்வே தொடங்கியதிலிருந்து அந்தப் பக்கம் எல்லார் வாயிலும் ஒரே தேதி: 2000 ஜனவரி 1. அதற்கு முன்னாலிருந்தே இருந்தோம் என்று காகிதம் காட்ட வேண்டும். அண்ணாச்சியின் பழைய காகிதம் பாதி 2005 ஜூலை வெள்ளத்தில் போயிற்று. "நான் போட்ட பில்லு ஏதும் உங்ககிட்ட இருக்கா தம்பி?" என்றார்.

இருந்தது. 1989-இல் 7805 மாற்றியதற்கு அவர் எழுதிக் கொடுத்த பில், 'தாராவி, பம்பாய்-17' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தியது, நண்பனின் அலமாரியில் அமிலம் படாத உறையில். எங்கள் சேகரிப்பிலேயே அபூர்வமான உருப்படி என்பான். ஸ்கேன் எடுத்துத் தருகிறேன், 600 டிபிஐ, கலரில் என்றான். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவன் ஒரிஜினல்லா கேக்கான்" என்றார். ரிப்பேர் பில் அங்கே செல்லுமா என்பது வேறு விஷயம். எதையும் விடுவதாக இல்லை அவர். அடுத்த ஞாயிறு நண்பன் உறையோடு போய்க் கொடுத்தான். பெற்ற பிள்ளையை ஹாஸ்டலில் விடுகிற முகம்.

அண்ணாச்சி உறையை உரித்துத் தூரப் போட்டார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். மொத்தம் 45, அட்வான்ஸ் 30.

"பாக்கி பதினஞ்சு ரூவா நிக்கே தம்பி."