கடாரம் கொண்டான்

எங்கள் தஞ்சோங் டாவாயில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. மெர்போக் ஆறு கடலில் கலக்கும் முகத்தில் இருக்கிறது ஊர். முன்னால் மலாக்கா நீரிணை, பக்கத்தில் சதுப்புக் காடு, படகேறி அக்கரை போனால் பந்தாய் மெர்டேக்கா கடற்கரை. இப்படிப்பட்ட ஊரில் 400 வெள்ளிக்கு மேல் கொடுத்து நீச்சல் குளம் வாங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"கடலை வாசல்ல வச்சிக்கிட்டு யாராச்சும் தொட்டி வாங்குவாங்களா?" என்று என் மனைவி கேட்டது நியாயம்தான். ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி கோத்தா கோலா மூடாவைப் புரட்டிப் போட்ட நாளிலிருந்து, பிள்ளைகளைக் கடலில் கால் நனைக்க விடாதவளும் அவள்தான்.

உண்மைக் காரணம் வேறு. நான் தோட்டத்துப் பிள்ளை. நாங்கள் குளித்ததெல்லாம் லயத்துக்குப் பின்னால் ஓடிய அல்லூரில். துரை பங்களாவில் மட்டும் ஒரு குளம் இருந்தது. வேலிச் செடியை விலக்கிப் பார்த்தால் நீல நிறத்தில் மினுக்கும். துரை அதில் இறங்கி நான் பார்த்ததில்லை. அவர் வீட்டு நாய் இறங்கிப் பார்த்திருக்கிறேன். அந்த நாயின் மேல் இருந்த பொறாமைதான் 63 வயதில் என்னைச் சுங்கைப்பட்டாணிக்கு இழுத்துக்கொண்டு போனது.

அதற்கு முன்பே சிமெண்டில் கட்ட என்ன ஆகும் என்று ஒருவரிடம் விசாரித்திருந்தேன். அவர் சொன்ன தொகைக்கு அந்தக் காலத்தில் இந்த மூலை வீட்டையே வாங்கிவிட்டேன்.

கடையில் தவுக்கே கேட்டார்: "அங்கள், என்ன கோலாம் வேணும்? காத்தடிக்கிறதா, கம்பி வச்சதா?" மலாய்க்காரர்களின் 'கோலாம்' வேறொன்றுமில்லை, நம் குளம்தான். நம் கடைதான் அவர்களுக்குக் 'கெடாய்'. ஆக, நம் கடையில் நம் குளத்துக்கு நானே விலை பேசிக்கொண்டு நின்றேன்.

காற்றடிப்பது மலிவு, ஆனால் ஒரு பூனை நகம் போதும், கதை முடிந்துவிடும். இரும்புக் குழாய்ச் சட்டமும் தடித்த விரிப்பும் வடிகட்டும் பம்பும் உள்ளதையே எடுத்தேன். பத்தடி வட்டம், இரண்டரை அடி உயரம். "இதுல எங்க நீந்துறது? மாட்டுக்குத்தான் தண்ணி காட்டலாம்" என்றாள் மனைவி.

பெட்டியாக வந்தபோது காடியின் பின்னால் அடங்கிவிட்டது. நிரப்பினால் ஏறக்குறைய 4,400 லிட்டர். லிட்டருக்கு ஒரு கிலோ என்று கணக்குப் போட்டால், வளர்ந்த ஆண் யானையை வாசலில் கட்டிய மாதிரி. தரை கொஞ்சம் சரிந்தாலும் யானை அந்தப் பக்கம் சாயும். ரசமட்டத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் மண்டியிட்டேன். கோயிலில்கூட அவ்வளவு நேரம் மண்டியிட்டவனில்லை. பிறகு குழாயைத் திறந்தேன். அது நூல் போல ஒழுகியது. வியாழன் இரவு தொடங்கியது, வெள்ளி மாலைதான் நிறைந்தது.

நம் கெடாவுக்குப் பழைய தமிழில் கடாரம் என்று பெயர். 1025-இல் ராஜேந்திர சோழனின் கடற்படை இங்கே வந்து வென்றது. அவனும் கடாரம் கொண்டான் ஆனான். கங்கைகொண்ட சோழபுரத்தில் அவன் வெட்டிய சோழகங்கம் ஏரியை நீராலான வெற்றித் தூண் என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. ஆயிரம் ஆண்டு கழித்து நானும் நிறைந்த தண்ணீரைப் பார்த்து இடுப்பில் கைவைத்து நின்றேன். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள் என் மனைவி. எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "கடாரம்னா பெரிய கொப்பரைன்னும் ஒரு பொருள் இருக்கு, தெரியுமா?"

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கில் சனியும் ஞாயிறும். மகள் பிள்ளைகள் இங்கே, மகன் பிள்ளைகள் அங்கே. எல்லாரும் கூட முடிந்தது சனிக்கிழமை மட்டும். ஏழு பேர் ஒரே நேரத்தில் குதித்ததில் கால்வாசித் தண்ணீர் வெளியே நடந்தது. என் கறிவேப்பிலைக் கன்று அன்றைக்குக் குடித்த குளோரினிலிருந்து இன்னும் எழுந்திருக்கவில்லை.

மீதி ஆறு நாளும் நான் அதற்கு வைத்தியன். குளோரின் பத்து லட்சத்தில் 1 முதல் 3 பங்கு இருக்க வேண்டும், பிஎச் 7.2-க்கும் 7.8-க்கும் நடுவே நிற்க வேண்டும். வெயில் குளோரினைத் தின்றுவிடும், மழை கரைத்துவிடும். என் சர்க்கரையைக்கூட நான் இத்தனை ஒழுங்காகச் சோதித்ததில்லை. மருந்து நெடி தூக்கினால் தண்ணீர் சுத்தம் என்று நம்பியிருந்தேன். வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் கலக்கும்போதுதான் அந்த நெடி கிளம்புமாம். "யார் உள்ளே போனது?" என்று கேட்டேன். ஏழு பேரும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள்.

இரண்டு நாள் கவனிக்காவிட்டால் பாசி. இன்னும் கொஞ்சம் விட்டால் ஏடிஸ் கொசு. கொசுப்புழு கண்டால் தண்டம் போட 1975-லேயே சட்டம் வந்துவிட்டது. வாசலில் சுகாதாரத் துறை வண்டி மெதுவாகப் போனாலே எனக்கு நெஞ்சு படபடக்கும்.

விற்றுவிடலாம் என்று நினைத்திருந்தபோதுதான் குழாய் நின்றது. ஒரு நாள், இரண்டு நாள். மூன்றாம் நாள் காலை பக்கத்து வீட்டு மக்சிக் வாளியோடு வந்து, கழிவறைக்கு ரெண்டு வாளி மொள்ளலாமா என்று தயங்கிக் கேட்டார். அப்புறம் எதிர்வீட்டுச் சீனக் கிழவர். அப்புறம் பின்தெரு முழுவதும். "குடிக்காதீங்க, மருந்து போட்டிருக்கு!" என்று மூன்று மொழியில் கத்தினேன். மத்தியானத்துக்குள் வாசலில் வாளிகள் வரிசையாக நின்றன. யாருக்குக் கல்யாணம், யாருக்கு ஆபரேஷன் என்று ஊர்க்கதை ஓடியது. லயத்துப் பொதுக்குழாயடிக்குப் பிறகு அப்படியொரு கூட்டத்தை நான் கண்டதில்லை. துரை வீட்டுக் குளம் அத்தனை நீலமாக இருந்ததற்கு, அதில் யாரும் கைவைக்காததுதான் காரணம் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

சாயங்காலம் கணுக்கால் அளவுதான் மிஞ்சியது. ஆனால் அன்றுதான் அது குளம்.

மறுநாள் கேட்டில் ஒரு பை தொங்கியது. மக்சிக் வைத்துவிட்டுப் போன நெத்திலிக் கருவாடு, ஒரு கிலோவுக்குக் குறையாது. மனைவி பையைப் பிரித்து முகர்ந்து பார்த்தாள்.

"குளம்னா மீன் இருக்கத்தான் செய்யும். உங்க குளத்துல மட்டும் காய்ஞ்சே வருது" என்றாள்.