துரை கொடுத்த மணிக்கூடு: ஊவாத் தோட்டங்களின் உடைமை வரலாறு பற்றி ஒரு முதற்கட்ட ஆய்வு

பழைய கைமணிக்கூட்டுக்கு விலை வைப்பது அதைக் கட்டியிருந்த கை என்பது உலக ஏலக்காரர்களின் சித்தாந்தம். 2017 ஒக்டோபரில் நியூயோர்க் ஃபிலிப்ஸ் ஏலத்தில் நடிகர் போல் நியூமனின் ரோலெக்ஸ் டேடோனா 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போனது. கார்ப் பந்தயப் பித்துப் பிடித்த புருசனுக்கு, பார்த்து ஓட்டச் சொல்லி மனைவி பின்மூடியில் பொறித்துக் கொடுத்தது அது. இச்சித்தாந்தத்தைப் பதுளை, பசறை, மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பொருத்திப் பார்ப்பதே இவ்வாய்வின் நோக்கம். வேறு யாரும் இதில் இறங்காததற்குத் தக்க காரணம் இருக்கக்கூடும்.

லயத்தில் பழைய மணிக்கூடு வைத்திருப்பவரிடம் அதன் பூர்வீகத்தைக் கேட்டால் வரும் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: "இது எங்க தாத்தாவுக்கு வெள்ளக்கார துரை குடுத்தது." 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்குப் போக, துரைமார் மூட்டை கட்டியபோது கழற்றிக் கொடுத்ததாம். இப்படிக் கொடுத்ததாகச் சொல்லப்படுபவற்றை எல்லாம் கூட்டினால் ஒவ்வொரு துரையும் முழங்கைவரை மணிக்கூடு கட்டியிருக்க வேண்டும். இரண்டாவது சிக்கல், இவற்றில் பல சீக்கோ ஃபைவ். 1963ல் ஜப்பானில் பிறந்த ரகம். மத்திய கிழக்குச் சந்தைக்குப் போனவற்றின் கிழமைச் சக்கரத்தில் ஆங்கிலத்தோடு அரபியும் இருக்கும். இரவில் கிழமை மாறும்போது இடையில் அரபி எழுத்து கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்; விடியற்காலைப் பெரட்டுக்கு (ஆள்கணக்கெடுப்புக்கு) முன்னெழுந்து விளக்கடியில் மணி பார்ப்பவர்கள் கண்டிருப்பார்கள். ஸ்கொட்லாந்துத் துரை வெள்ளிக்கிழமையை அரபியில் படித்தார் என்று நம்ப ஆய்வாளருக்கு மனம் வரவில்லை. குவைத்துக்கோ ரியாத்துக்கோ வீட்டு வேலைக்குப் போன சின்னம்மா வாங்கி வந்தது என்பதே பொருந்துகிறது. இரண்டு வருசம் அந்நிய வீட்டில் பாத்திரம் கழுவிச் சேர்த்த காசில் வந்த பொருளைத் துரையின் பேரில் எழுதிவைப்பது, உடைமை வரலாற்றில் ஆய்வாளர் அறிந்த மிகப் பெரிய திருட்டு.

இந்த ரகத்துக்குச் சாவி கொடுக்கத் தேவையில்லை. கை அசைந்தால் உள்ளே அரைவட்டத் தகடு ஒன்று சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கும். அந்தக் கணக்கில், தோட்டத்தில் அது நிற்காமல் ஓடக்கூடிய இடம் கொழுந்து பறிப்பவளின் மணிக்கட்டு. மலையில் அதைக் கட்டிக்கொண்டு நிற்பவரோ கங்காணி. அவர் கை இடுப்பைவிட்டு இறங்குவது அபூர்வம். அவருடைய மணிக்கூடு அடிக்கடி நின்றுபோவதற்கு இயந்திரத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. ஓடினாலும் பயன் சொற்பம்: பேரா அரைப்பேரா (முழுநாள் கூலியா அரைநாள் கூலியா) என்ற வழக்கில் ஒபீஸ் மணிக்கூட்டுக்கு எதிராக எந்தக் கைமணிக்கூட்டின் சாட்சியும் எடுபடாது.

உண்மை பின்மூடிக்கு உள்ளே இருக்கிறது. கண்ணில் லென்சைச் செருகிக்கொண்டு குனிந்திருக்கும் மணிக்கூடு திருத்துபவர், வேலை முடிந்ததும் ஊசிமுனையால் உட்புறத்தில் ஒரு திகதியும் தனக்கே விளங்கும் கிறுக்கலும் போட்டு மூடுவது தொழில் வழக்கம். அடகு பிடிப்பவரும் சீட்டு இலக்கத்தைக் கீறி வைப்பதுண்டு. தீபாவளிக்கு முந்திய மாதமொன்றும் பள்ளிக்கூடம் தொடங்கும் மாதமொன்றும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால், அந்தக் குடும்பத்தின் வரவுசெலவுத் திட்டமே கிடைத்தமாதிரி. மார்லன் பிராண்டோ தன் பெயரைத் தானே கீறிய ரோலெக்ஸ் 2019ல் 19 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. அடகு இலக்கத்துக்கு அந்த மவுசு இன்னும் வரவில்லை.

மணிக்கூட்டுக்கு இவ்வளவு அத்தாட்சி. கட்டியிருந்தவருக்கு? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்தவரா என்று கேட்டது. இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டச் சொன்னது. ஜெனீவா ஏலக்காரர்கூட ஒரு ரோலெக்ஸிடம் பூட்டனைக் கேட்பதில்லை. 1964 ஒக்டோபர் 30ல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும், அப்படிக் காட்ட முடியாமல் நாடற்றுப் போனவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எழுதிக்கொண்டார்கள். எஞ்சிய 1,50,000 பேர் 1974ல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டார்கள்.

அந்தப் பிரிப்பில் தலைமன்னாரில் கப்பலேறிக் கூடலூருக்கோ கோத்தகிரிக்கோ போய்ச் சேர்ந்த அண்ணன் மணிக்கூட்டு முள்ளைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. இரு நாட்டுக்கும் அப்போது ஒரே நேரம். சிக்கல் பிறகுதான் வந்தது. 1996 மே மாதம், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இலங்கை கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. மற்ற அரையைக் கொடுக்க 2006 ஏப்ரல்வரை யோசித்தது. "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்காமல் முகூர்த்தத்துக்குக் கிளம்ப முடியாத காலம். அந்த வருசங்களில் பசறைத் தம்பி கூடலூர் அண்ணனைவிட அரை மணித்தியாலம் மூத்தவர்.

இனி சேகரிப்பாளருக்கு ஒரு வார்த்தை. கறுத்த முகம் வெயிலில் தேத்தண்ணி நிறத்துக்குப் பழுத்திருந்தால் வெளிநாட்டில் கூடுதல் விலை தருவார்கள். இங்கே அதையே காட்டிக் குறைத்துக் கேட்பார்கள். வாங்குமுன் பெட்டியும் பில்லும் கேட்பது உலக வழக்கம். பெட்டி கிடைக்காது, அதில் எப்போதோ ஊசிநூல் குடியேறியிருக்கும். பில்லுக்கு வாய்ப்புண்டு: தகரப்பெட்டியின் அடியில், சின்னம்மாவின் காலாவதியான பாஸ்போட்டுக்குள், மை மங்கிய அரபிச் சீட்டாக. துரை கதையை முழுதாகக் கேட்டு முடித்த பிறகு, அந்தப் பெட்டியை ஒருக்கால் திறந்து பார்க்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். "முதல்ல தேத்தண்ணி குடிங்க சார்" என்பார்கள்.